விரால் மூச்சு விடும் இடம்

(தில்லியில் தமிழ்க் குடும்பங்களின் ஞாயிறு கூட்டமொன்றில், தூண்டில் பழக விரும்பும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பேச்சுக்குக் காரணம் மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்தில் இருக்கும் பத்து வயதுப் பையன். சென்ற மாதம் ஒரு மாலை அப்பாவோடு என் வீட்டுக்கு வந்தான். கையில் அறை அறையாகப் பிரித்த பிளாஸ்டிக் பெட்டி. திறந்தால் ஊதா நிற ரப்பர்ப் புழுக்கள், சுழலும் தகடுகள், கண்ணும் செதிலும் வரைந்த மரமீன்கள், ஏறக்குறைய அறுபது இருக்கும். அமெரிக்கக்காரர்கள் ஏரியில் பாஸ் பிடிக்கும் வீடியோக்களை அப்பாவும் பிள்ளையும் ஒரு வருடமாகப் பார்த்து, ஒவ்வொன்றாக வரவழைத்திருக்கிறார்கள். "மாமா, இதுல எதைப் போட்டா பாஸ் கிடைக்கும்?" என்று கேட்டான்.

நம் ஆறு குளங்களில் அந்த மீன் இல்லை என்று சொன்னபோது அவன் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அன்று அவனுக்குச் சொல்லத் தொடங்கியதைத்தான் இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில் பாஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அந்த வீடியோக்களில் வருவது வட அமெரிக்க நன்னீர் மீன். பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுப்புப் பட்டை, கண்ணுக்கும் பின்னால் வரை கிழிந்த பெரிய வாய். கரையோரப் பாசியிலும் விழுந்த மரத்தடியிலும் மறைந்திருந்து, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து விழுங்கும். 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் 10 கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள பாஸைப் பிடித்தார். அந்தச் சாதனையை 77 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2009இல் அதைச் சமன் செய்த மனாபு குரிதா ஜப்பானியர். பிடித்த இடம் ஜப்பானின் பீவா ஏரி.

அமெரிக்க மீன் ஜப்பானுக்கு எப்படி வந்தது? 1925இல் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து நாடு முழுக்கப் பரவி, உள்ளூர்ச் சிறு மீன்களைத் தின்று தீர்த்தது. 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி உயிருள்ள பாஸை அங்கே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. "நாமும் கொஞ்சம் குஞ்சு வரவழைத்துக் குளத்தில் விட்டால் என்ன?" என்று அந்தப் பையனின் அப்பா கேட்டார். நல்ல மனிதர், ஆசையில் கேட்டார். ஆனால் அதைச் செய்யவே கூடாது. 2023இல் காஷ்மீரின் தால் ஏரியில் முதலை மூக்கு வைத்த அமெரிக்க மீன் ஒன்று அகப்பட்டதே, நினைவிருக்கிறதா? அத்தகைய மீன்கள் பெரும்பாலும் யாரோ தொட்டியில் வளர்த்து, பெரிதானதும் கொண்டுபோய் விட்டவைதான். பிள்ளைகளே, உங்கள் வீட்டுத் தொட்டி மீன் அலுத்துப்போனால் ஆற்றில் விடாதீர்கள். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

பாஸ் இல்லாவிட்டால் என்ன, அந்த வித்தை முழுக்க நம் மீன் ஒன்றுக்கு அப்படியே பொருந்தும். விராலைத்தான் சொல்கிறேன்.

பாசியடியில் பதுங்குவது, தலைக்கு மேல் போகும் தவளையை ஒரே பாய்ச்சலில் கவ்வுவது, பெரிய வாய் எல்லாமே விராலுக்கும் உண்டு. சித்தரஞ்சன் பார்க் சந்தையில் வங்காளிகள் ஷோல் என்று கேட்டு வாங்குவது இந்த வகையைத்தான். ஆந்திர, தெலங்கானா நண்பர்கள் கொர்ரமீனு என்பார்கள். தெலங்கானாவின் மாநில மீனே அதுதான். இன்னொரு செய்தியும் உண்டு. விராலின் சீன உறவு மீன் ஒன்று 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு குளத்தில் அகப்பட்டது. ஊரே பதறி, குளத்தில் மருந்து கலந்து அந்த மீனை ஒழித்தார்கள். ஆனாலும் பக்கத்துப் பொடோமாக் நதியில் அது நிலைத்துவிட்டது. பாஸுக்குச் செய்த ரப்பர்த் தவளையை வைத்தே அங்குள்ளவர்கள் இப்போது அதைப் பிடிக்கிறார்கள். அதனால் அந்தப் பையனின் பெட்டியிலிருந்த அறுபதில் இரண்டு தவளைகளை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். மீதியைப் போன்றவற்றுக்கு இனிக் காசு செலவிட வேண்டாம் என்றேன்.

கடலோரம் வளர்ந்தவர்கள் இங்கே இருந்தால் கொடுவாவை ஏன் விட்டுவிட்டாய் என்பீர்கள். கொடுவாவுக்கு ஆங்கிலத்தில் பாஸ் என்ற பெயரும் உண்டு. இங்கே பேட்கி என்று விற்பதும் அதுவே. ஆணாகப் பிறந்து வளர்ந்தபின் பெண்ணாக மாறும் அதிசய மீன். சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் அதைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைத்தது. ஆனால் முட்டுக்காட்டுக்கும் பழவேற்காட்டுக்கும் போனால்தான் அந்த மீன். தில்லிப் பிள்ளைகளுக்கு விரால் போதும்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டி ஒரு தாமரைக் குட்டை. என் அப்பா தூண்டிலை எடுத்துக்கொண்டு போனால் முதல் அரைமணி நேரம் இரையே கோக்க மாட்டார். கரையில் குந்தி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எதைப் பார்க்கிறார் என்று எனக்கு வெகு நாள் புரியவில்லை. ஒருநாள் என் தோளைத் தொட்டு இரண்டு தாமரை இலைகளுக்கு நடுவே கையை நீட்டினார். தண்ணீர் லேசாகப் பொங்கி, ஒரு கறுத்த மூக்கு நுனி மேலே வந்து, 'ப்ளக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரே ஒரு குமிழி. அவ்வளவுதான், மறைந்துவிட்டது.

விரால் செவுளால் மட்டும் உயிர் வாழ முடியாத மீன். அதன் தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்து வைக்க ஓர் அறை இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவே விரால் இருக்கும் இடத்தை அதுவே காட்டிக் கொடுத்துவிடுகிறது. அப்பா பார்த்தது அந்தக் குமிழியைத்தான். இன்று மீனைக் கண்டுபிடிக்க மின்கருவி விற்கிறார்கள். கண்ணைத் தண்ணீரில் வைத்து அரைமணி உட்காரப் பழகிய பிள்ளைக்கு அது தேவைப்படாது.

அதே குட்டையில் இன்னொரு நாள் சிவப்பு மணிகளைக் கொட்டிக் கலக்கியதுபோல் தண்ணீரில் ஒரு கூட்டம் சுழன்றது. விரால் குஞ்சுகள். உள்ளங்கையகலக் கூட்டம் எழும்பி எழும்பி அமிழ்கிறது, கீழே தாயும் தகப்பனும் காவல். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பெற்றோர் மீன் பாய்ந்து கடிக்கும், பசியால் இல்லை, குஞ்சுகளைக் காக்க. அது தெரிந்தே குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் முள்ளைப் போடுகிறவர்கள் உண்டு. பெரியது போய்விட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. அப்பா அன்று தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சிவப்புக் கூட்டத்தைப் பார்த்தால் முள்ளைத் தூக்கிவிடுங்கள். நான் இன்று சொல்லும் நுட்பங்கள் அத்தனையையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இனிக் கருவிகள். மேசையில் எல்லாம் வைத்திருக்கிறேன், பேச்சு முடிந்ததும் வந்து தொட்டுப் பாருங்கள்.

பிள்ளையின் முதல் தூண்டிலுக்கு ரீலே வேண்டாம். எட்டடி நீள மூங்கில் கழி, அதன் நுனியில் கழியின் நீளத்துக்கே நைலான் நரம்பு, ஒரு தக்கை, ஒரு சிறு ஈயக்குண்டு, பத்தாம் எண் முள். முள்ளில் எண் ஏறினால் அளவு இறங்கும். பன்னிரண்டு என்பது பத்தைவிடச் சின்னது. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரிய முள் வாங்குவார்கள், பெரிய மீன் வரும் என்று. சின்ன முள்ளில் பெரிய மீனும் வரும். பெரிய முள்ளைச் சின்ன மீன் தொடாது. பிள்ளைக்கு முதல் நாள் எண்ணிக்கைதான் வேண்டும். ஒரு மணி நேரத்தில் நான்கு குட்டி ஜிலேபிக் கெண்டை வந்தால் அடுத்த வாரமும் உங்களோடு வருவான். முதல் நாளே விராலுக்காக ஐந்து மணி நேரம் உட்கார வைத்தால் தொலைபேசியைக் கேட்பான்.

தக்கை நேராக நிற்க வேண்டும், நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிய வேண்டும். படுத்துக் கிடந்தால் ஈயம் போதவில்லை, அல்லது முள் தரையில் உட்கார்ந்துவிட்டது. ஈயக்குண்டைப் பல்லால் கடித்து மூடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. ஈயம் விஷம். குறடு வைத்து அமுக்குங்கள். பிள்ளைகள் கையில் ஈயத்தைக் கொடுத்தால் சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

முள் கட்டுவதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நரம்பின் நுனியை முள்ளின் காதுக்குள் விட்டு, நாலு விரற்கடை நீளம் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நுனியை நீள நரம்பின்மேல் ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். இப்போது முள்ளின் காதை ஒட்டி ஒரு சின்னக் கண் தெரிகிறதா? நுனியை அதற்குள் விடுங்கள். விட்டதும் பக்கத்தில் ஒரு பெரிய கண் உண்டாகும், அதற்குள்ளும் விடுங்கள். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். காய்ந்த நைலான் உரசினால் சூடேறி வலுவிழந்துவிடும். மெதுவாக இழுத்தால் ஐந்து சுற்றும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் போய் அடுக்கிக்கொள்ளும். அடுக்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். கை தப்பிப் போன பெரிய மீன்களில் பாதிக்குக் காரணம் அவசரமாகப் போட்ட முடிச்சுத்தான் என்பது என் அனுபவம்.

மூங்கில் கழியில் ஒரு பருவம் பழகிய பிறகு ரீல் வாங்குங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஐந்தரை அடி அல்லது ஆறடிக் கழியும், இரண்டாயிரம் அளவுள்ள சாதாரணச் சுழல் ரீலும் போதும். கட்டைவிரலால் உருளையை அடக்கி வீசும் வகை ரீலை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அது பெரியவர்களுக்கே மூன்று மாதம் சிக்கு எடுக்கும் வேலை. நரம்பு 4 கிலோ தாங்குவது போதும். விராலுக்குப் போகும்போது மட்டும் நூலாகப் பின்னிய பிரெய்டு நரம்பு தேவை, ஏனென்றால் தாமரைத் தண்டோடு சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். பிரெய்டு விரலை அறுக்கும். வெறுங்கையால் சுற்றிப் பிடித்து இழுக்காதீர்கள்.

ரீலின் தலையில் ஒரு திருகு இருக்கும். மீன் வலுவாக இழுத்தால் நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் விட்டுக் கொடுப்பதற்கான திருகு. பெரும்பாலோர் அதை முழுக்க இறுக்கி வைத்துவிடுகிறார்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு வீட்டில் இருக்குமே, அதன் கொக்கியில் நரம்பைக் கட்டி, கழியை உயர்த்தி இழுத்துப் பாருங்கள். 4 கிலோ நரம்புக்கு ஒரு கிலோவைத் தாண்டியதும் ரீல் 'கிர்ர்' என்று விட வேண்டும். அப்படி வைத்தால் நரம்பு அறுந்து, வாயில் முள்ளோடு மீன் தப்பிப் போகாது.

வீசும்போது வலக்கை ஆட்காட்டி விரலால் நரம்பைக் கழியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரீலின் கம்பி வளையத்தைத் திறக்க வேண்டும். பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், நூறாவது முறையும். கழி தலைக்கு மேலே வந்து முன்னால் போகும்போது விரலை விடுங்கள். சீக்கிரம் விட்டால் வானத்துக்குப் போகும், தாமதித்தால் காலடியில் விழும். அரை நாளில் பிடிபட்டுவிடும். வீட்டு மொட்டைமாடியில் முள்ளில்லாமல் ஒரு ரப்பர் அழிப்பானைக் கட்டி, பக்கெட்டுக்குள் விழவைத்துப் பழகுங்கள். குளத்தில் கழியை வீசும் யாரும், பக்கத்தில் நிற்பவரும், தொப்பியும் கண்ணாடியும் போட்டிருக்க வேண்டும். என் நண்பர் ஒருவரின் புருவத்தில் முள் ஏறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே. முள் முகத்தில் ஏறினால் நீங்களே பிடுங்காதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

தவளைக்கு வருகிறேன். உயிர்த் தவளையைக் குத்தி விரால் பிடிப்பது நம் ஊர்ப் பழக்கம். நானும் செய்திருக்கிறேன், இப்போது செய்வதில்லை. தவளைக்கால் ஏற்றுமதிக்காக வயல் தவளைகளைக் கோடிக்கணக்கில் பிடித்து, கடைசியில் 1987இல் அரசு அதை நிறுத்த வேண்டி வந்தது. பூச்சியைத் தின்று வயலைக் காக்கிற உயிர் அது. ரப்பர்த் தவளையின் முள் மேல்நோக்கி முதுகில் படிந்திருப்பதால் பாசியில் மாட்டாது. குமிழி வந்த இடத்துக்கு இரண்டடி தள்ளி வீசி, இலைமேல் ஏற்றி, விளிம்பிலிருந்து 'பொத்'தென்று விழவிடுங்கள். கொஞ்சம் சும்மா விடுங்கள். பிறகு சின்னச் சின்னத் துள்ளலாக இழுங்கள். தண்ணீர் வெடித்ததும் எல்லோரும் செய்யும் தவறு உடனே சுண்டுவது. தவளை வாயிலிருந்து பறந்து உங்கள் முகத்துக்கே வரும். விரால் கவ்விய பிறகு வாயை மூடி உள்ளே இறங்க ஒரு நொடி எடுக்கும். "ஒன்று, இரண்டு" என்று மனசுக்குள் எண்ணுங்கள், கழியைத் தாழ்த்தித் தளர்ந்த நரம்பைச் சுருட்டுங்கள், கையில் கனம் தெரிந்ததும் ஓங்கி இழுங்கள். அந்த இரண்டு எண்ணும் பொறுமைதான் விரால் வித்தையின் பெரும்பகுதி. பிள்ளைகளுக்கு இது பெரியவர்களைவிடச் சீக்கிரம் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். யமுனை வீட்டு வாசலிலேயே ஓடுகிறதே என்றால், அதைச் சொல்லும்போதுதான் எனக்கு மனம் கனக்கிறது. 1,376 கிலோமீட்டர் ஓடும் நதியில் வஜீராபாத் அணைக்கும் ஓக்லா அணைக்கும் நடுவே 22 கிலோமீட்டர். மொத்த நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. நதியின் அழுக்கில் பெரும்பகுதி இந்த 22 கிலோமீட்டரில்தான் சேருகிறது. வஜீராபாதைத் தாண்டியதும் நஜஃப்கர் வாய்க்கால் வந்து கலக்கிறது. அதோடு நதி கறுத்துவிடுகிறது. அங்கே பிடித்த மீனைச் சமைக்காதீர்கள். ஓக்லா பறவைகள் சரணாலயத்தில் தூண்டில் போடச் சட்டமே இடம் தரவில்லை. ஆனால் வஜீராபாதுக்கு மேலே, யமுனை தில்லிக்குள் நுழையும் பல்லா பக்கம் ஒரு முறையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தூண்டில் வேண்டாம், வெறுமனே போங்கள். மணல் கரை, தெளிந்த நீர், துள்ளும் மீன். நம் நதி இப்படியும் இருக்கும் என்று கண்ணால் பார்த்த பிள்ளைதான் நாளைக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம் அதைப் பற்றிக் கேட்கும்.

பழகுவதற்குக் கட்டணம் வாங்கும் பண்ணைக் குளங்கள் நல்லவை. கல்கத்தாவில் குளத்துக்கு அனுமதிச் சீட்டு எடுத்து நாள் முழுக்க உட்காருவது பழைய வழக்கம். தில்லிக்கு வெளியேயும் விசாரித்தால் அப்படிப்பட்ட குளங்கள் அகப்படும். அங்கே வளர்க்கும் ரோகு மீனுக்குக் கோதுமை மாவில் கொஞ்சம் சத்து மாவு சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, பட்டாணி அளவு உருட்டிப் போடுங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் மீன் இரை எடுக்காது. மார்ச், ஏப்ரலும் மழை ஓய்ந்த செப்டம்பர், அக்டோபரும் நல்ல காலம். ஒரு ஜூன் மாத விடியலில் நாங்கள் போன குளத்தில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. இடத்துக்கு மீறி மீனை அடைத்திருந்தார்கள். சூடான தண்ணீரில் உயிர்வளி தங்காது. பிள்ளைகள் "மீன் பசியோட இருக்கு" என்றார்கள். பசியில்லை, மூச்சுத் திணறல். கட்டிய பணத்தைத் திருப்பித் தரவில்லை, இருந்தாலும் தூண்டில் போடாமல் திரும்பினோம். அந்த நிலையில் மீனைப் பிடித்து விட்டாலும் பிழைக்காது.

மலைக்குப் போக வசதியுள்ளவர்களுக்குத் தில்லி நல்ல ஊர். ஓர் இரவுப் பயணத்தில் டிரௌட் ஓடும் தீர்த்தன் பள்ளத்தாக்கு. இன்னொரு பக்கம் நயார் ஆறு கங்கையில் சேரும் பியாஸ்காட், ராம்கங்கை. அங்கே பொன்னிற மகசீர் இருக்கிறது. உலகப் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருப்பதாகக் குறிக்கப்பட்ட மீன். அனுமதிச் சீட்டு இல்லாமல் போகாதீர்கள், பிடித்ததை விட்டுவிடுங்கள், கார்பெட் காப்புக்காட்டுக்குள் நினைக்கவே வேண்டாம். மகசீர் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம், நேரமில்லை. ஆனால் மலை ஆற்றைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது.

2014 ஜூன் 8, ஹிமாசலத்தின் மண்டி மாவட்டம். ஹைதராபாதிலிருந்து சுற்றுலா வந்த மாணவர்கள் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையின் மதகு திறந்தது. 24 மாணவர்களும் உடன் வந்த வழிகாட்டி ஒருவரும் போய்விட்டார்கள். அணைக்குக் கீழே இருக்கும் ஆறு எந்த நேரத்திலும் ஏறும். நடு ஆற்றுப் பாறைக்கும் மணல் திட்டுக்கும் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, காலடிக் கல் நனைந்தாலோ, கழியைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுங்கள். குளமாக இருந்தாலும் பன்னிரண்டு வயதுக்குக் கீழே மிதவைச் சட்டை இல்லாமல் கரைக்கு விடாதீர்கள்.

இந்த அரங்கில் பாதிப் பேர் மீனைத் தொடாத வீட்டில் பிறந்தவர்கள். "விளையாட்டுக்காக ஓர் உயிரை ஏன் வதைக்க வேண்டும்?" என்ற கேள்வி உங்கள் மனதில் இருக்கும். நியாயமான கேள்வி. சிருங்கேரியில் துங்கையின் மீன்களுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் கூர்மையாகப் படும். என் பதில் இதுதான்: தின்பதானால் தேவைக்கு ஒன்று இரண்டு, உடனே தலையில் அடித்துக் கொன்றுவிடுங்கள், பிளாஸ்டிக் பையில் துடிக்க விடாதீர்கள். விடுவதானால் மீனுக்குக் கூடிய மட்டும் வலி குறைவாக விடுங்கள். முள்ளின் நுனிக்கு உள்ளே எதிர்த்திசையில் நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும், உங்கள் விரலில் ஏறினாலும் அப்படியே வரும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். காய்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். படம் எடுக்க வேண்டுமானால் மீனைத் தூக்கும்போது உங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது மீனைத் தண்ணீரில் விட்டிருக்க வேண்டும். கெளுத்தியைப் பிள்ளைகள் தொட வேண்டாம், பக்க முள் குத்தினால் கை வீங்கும். உங்கள் பிள்ளை ஒரு மீனைப் பார்த்து "பாவம்ப்பா, வேண்டாம்" என்றால் அன்றே கழியை உறையில் போட்டுவிடுங்கள். அவனை வற்புறுத்தாதீர்கள். அவனுக்குப் பார்க்கத் தெரிந்துவிட்டது.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். 1873இல் சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ். தாமஸ் இந்தியத் தூண்டில் கலையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1887இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே தனியாக இன்னொன்று. அதெல்லாம் பெரியவர்கள் எழுதியது. நான் சொல்ல வந்தது காவிரிக் கதை. கர்நாடகத்துக் கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் அன்றன்று பிடித்து விட்ட மீன்களின் வகையையும் எடையையும் எழுதி வைத்திருந்தார்கள். பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்தபோது, காவிரிக்கே உரிய முதுகில் திமிலுள்ள மகசீர் வேகமாக அருகிக்கொண்டிருப்பதும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. 50 கிலோவைத் தாண்டும் அந்தக் காவிரி மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் எது என்பதே 2018இல்தான் உறுதியானது. அது காணாமல் போய்க்கொண்டிருப்பதைக் காட்டிக் கொடுத்தது யாரோ பொழுதுபோக்குக்காக எழுதிய வரிகள். ஆகவே பிள்ளைகளே, எழுதுங்கள். தேதி, இடம், வெயிலா மேகமா, எந்த இரை, எந்த மீன், எத்தனை விரற்கடை நீளம். ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுதுங்கள்.

மே மாதம் பள்ளி மூடியதும் உங்களில் பலர் ஊருக்குப் போவீர்கள். தஞ்சாவூர்ப் பக்கமோ, சிவகங்கைப் பக்கமோ, தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பழைய தூண்டில் கழி இருக்கலாம். அதில் இருக்கும் முள்ளுக்குக் காது இருக்காது, தலை தட்டையாக இருக்கும். நான் இன்று காட்டிய முடிச்சு அதற்கு உதவாது. அந்த முள்ளை நரம்பில் சுற்றிக் கட்டும் விதம் தாத்தாவுக்குத் தெரியும். கட்டித் தரச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள், அவர் விரலைப் பாருங்கள். கோடையில் கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா நடந்தால் ஊத்தா என்னும் மீன்பிடிக் கூடையோடு இறங்கும் கூட்டத்தில் நீங்களும் ஒரு கரையில் நில்லுங்கள். ஜூலையில் பள்ளி திறந்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். தாத்தா முள்ளைக் கட்டிய விதத்தை எனக்கும் கட்டிக் காட்டுங்கள்.